துருப்பிடித்த பெற்றோமாக்ஸ்: கழற்றுவதிலிருந்து கொளுத்துவது வரை

பரணிலோ கோடிப்புறத்துக் கொட்டிலிலோ கன காலமாகக் கிடந்த பெற்றோமாக்ஸை, அதாவது காற்றழுத்தத்தில் எரியும் மண்ணெண்ணெய் விளக்கை, கீழே இறக்கியதும் எல்லோருடைய கையும் முதலில் சாண்ட் பேப்பரைத்தான் தேடும். கொஞ்சம் பொறுங்கள். துரு எவ்வளவு இருக்கிறது என்பதை விட எந்த உறுப்பில் இருக்கிறது என்பதுதான் முக்கியம். தூக்குக் கம்பியில் இருக்கிற துருவும், தொப்பியில் இருக்கிற துருவும், எண்ணெய்த் தாங்கியில் இருக்கிற துருவும் பார்வைக்கு ஒரே நிறம்தான், ஆனால் மூன்றும் மூன்று வேறு பிரச்சினைகள். ஒன்று பாரம் தாங்குகிறது, ஒன்று சூடு தாங்குகிறது, ஒன்று காற்றழுத்தம் தாங்குகிறது. ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு. சிலதை வடிவாகத் துப்புரவாக்கிப் பெயின்ற் அடிக்கலாம், சிலதை மாற்றத்தான் வேண்டும், ஒன்றிரண்டை எவ்வளவு ஆசை இருந்தாலும் இனிமேல் எரிய விடக்கூடாது. இந்த வழிகாட்டி முழுக்க இந்தப் பிரிப்பை வைத்துத்தான் போகும்.

யாழ்ப்பாணத்தில் இந்த விளக்குகள் வெறும் அலங்காரப் பொருள் இல்லை. கோயில் திருவிழா, கலியாண வீடு, செத்த வீடு, விடிய விடிய நடந்த கூத்து, இரவுக் கடற்றொழில் எல்லாமே இதன் வெளிச்சத்தில் நடந்தவை. தொண்ணூறுகளில் மின்சாரம் இல்லாமல், மண்ணெண்ணெயும் தட்டுப்பாடாகி, ஜாம் போத்தலுக்குள் திரி போட்டுப் படித்த காலத்தில் பெற்றோமாக்ஸ் வைத்திருந்த வீடுகளும் அதை எடுத்து வைத்துவிட்டன. ஒரு லீற்றர் மண்ணெண்ணெயை ஏறக்குறைய 8 மணித்தியாலத்தில் குடிக்கிற விளக்கை அப்போது யாரால் கொளுத்த முடியும்? அப்படி எடுத்து வைத்த விளக்குகளில் கனக்க இன்னமும் காப்பாற்றக்கூடிய நிலையில்தான் இருக்கின்றன. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

உங்களிடம் இருப்பது பெர்லினில் மக்ஸ் கிரேட்ஸின் கம்பனி செய்த அசல் பெற்றோமாக்ஸாக இருக்கலாம், சுவீடனின் றேடியஸ் அல்லது ஒப்டிமஸாக இருக்கலாம், பிரிட்டனின் ரில்லியாக இருக்கலாம், சீனாவின் பட்டர்ஃபிளை, அங்கர் மாதிரி ஒன்றாகவும் இருக்கலாம். அமைப்பில் வித்தியாசம் உண்டு, ஆனால் துருவோடு வேலை செய்யும் முறை ஒன்றுதான். உறுப்புகளின் பெயர்களை 500 மெழுகுவர்த்தி வலுவுள்ள பெற்றோமாக்ஸை மனதில் வைத்துச் சொல்கிறேன்.

முதலில் காந்தம்

ஒரு சின்னக் காந்தத்தை எடுத்து விளக்கு முழுக்க வைத்துப் பாருங்கள். நன்றாக இழுத்துப் பிடிக்கிற இடமெல்லாம் இரும்பு. பிடிக்காத இடம் பித்தளை. நிக்கல் முலாம் பூசிய பித்தளையில் காந்தம் லேசாக இழுக்கிற மாதிரித் தெரியலாம், ஏனென்றால் நிக்கலும் காந்தத்துக்கு இழுபடும் உலோகம்தான். சந்தேகமாக இருந்தால் தாங்கியின் அடிப்பக்கம், கண்ணுக்குத் தெரியாத ஓரத்தில் மெல்லச் சுரண்டிப் பாருங்கள், மஞ்சள் தெரிந்தால் பித்தளை.

நல்ல விளக்குகளில் தாங்கி பித்தளை. தூக்குக் கம்பி, திருகாணிகள், உள்கூடு, எனாமல் தொப்பி, பம்முக்குள் இருக்கும் கம்பிச்சுருள், இவைதான் பெரும்பாலும் இரும்பு. மலிவான விளக்குகளில் சிமிலியைச் சுற்றி நிற்கும் கூடும் இரும்பு, சிலதில் தாங்கியே இரும்பு. தாங்கி இரும்பு என்று காந்தம் சொன்னால் அதை மனதில் குறித்துக்கொள்ளுங்கள், அதைப் பற்றிக் கீழே தனியாகக் கதைக்க இருக்கிறது.

பித்தளையும் இரும்பும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு உப்பீரத்தில் இருந்தால் இரும்புதான் தின்னப்படும். குருநகர், நாவாந்துறை, மயிலிட்டி, வல்வெட்டித்துறை போன்ற கரையோர இடங்களில் இருந்து வரும் விளக்குகளைப் பார்த்தால் பித்தளைத் தாங்கி புதிது மாதிரி இருக்க, அதில் பூட்டிய இரும்புத் திருகாணி மட்டும் தலை இல்லாமல் நிற்கும். காரணம் இதுதான்.

கழற்றுவது

மூடியைத் திறந்து உள்ளே இருக்கும் பழைய மண்ணெண்ணெயை ஊற்றி எடுத்துவிட்டு ஒரு நாள் திறந்தே வெளியில் வையுங்கள். பிறகு ஃபோனில் நாலு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள், கழற்றக் கழற்றவும் எடுங்கள். எந்த வாசர் எதற்கு மேல் இருந்தது என்பதை ஒருவரும் ஞாபகம் வைத்திருக்க முடியாது.

பழைய மாண்டில், அதாவது சூட்டில் ஒளிரும் அந்தச் சின்ன வலைப்பை, இன்னும் தொங்கிக்கொண்டிருந்தால் அதை ஊதித் தட்டாதீர்கள். பழைய மாண்டில்களில் தோரியம் ஒக்சைட் இருக்கும், அது கதிர்வீச்சுள்ள பொருள், அதன் தூளைச் சுவாசிக்கவே கூடாது. முகத்தில் மாஸ்க் போட்டு, ஈரத்துணியால் ஒற்றி எடுத்து, அந்தத் துணியையே ஒரு பையில் கட்டி எறியுங்கள். சில பொருத்துகளில் ஈய வாசர் இருக்கும், அதையும் அராவ வேண்டாம். இரும்பில் இருக்கும் பழைய பெயின்றிலும் ஈயம் இருக்கலாம் என்பதால் காய்ந்தபடி தேய்க்காமல் நனைத்துத் தேய்ப்பதே நல்லது.

இறுகிப்போன திருகாணிக்கு அவசரப்படாதீர்கள். துருவை இளக்கும் எண்ணெய், அதாவது டபிள்யூடி 40 மாதிரி ஏதாவது, இல்லாவிட்டால் வெறும் டீசல், காலையிலும் மாலையிலும் இரண்டு சொட்டு விட்டு இரண்டு மூன்று நாள் விடுங்கள். இடையிடையே திருகாணித் தலையில் சின்னச் சுத்தியலால் மெல்லத் தட்டுங்கள், அந்த அதிர்வில் எண்ணெய் உள்ளே இறங்கும். திறக்கும்போது முதலில் இறுக்கும் பக்கமாக ஒரு நூல் அசைத்து, பிறகு திறக்கும் பக்கம் திருப்புங்கள். அப்படியும் வராவிட்டால் சூடு காட்டலாம், ஆனால் தாங்கிக்குப் பக்கத்தில் ஒருக்காலும் சுவாலை வைக்காதீர்கள். இரண்டு காரணம். தாங்கிக்குள் எண்ணெய் ஆவி மிச்சம் இருக்கலாம். அதோடு தாங்கியின் கழுத்தும் பொருத்துகளும் ஈயப் பற்றாசால் ஒட்டப்பட்டவை, அந்தப் பற்றாசு 200 பாகை செல்சியஸ் வருவதற்குள்ளேயே உருகத் தொடங்கிவிடும். தாங்கியில் இருக்கும் திருகாணிக்குக் கொதிதண்ணீரில் நனைத்த துணியே போதும்.

கழுவல், அதோடு நம் ஊர்த் தண்ணீர்ப் பிரச்சினை

இந்தப் பகுதியைத்தான் கனபேர் தாண்டிப் போகிறார்கள், ஆனால் நமக்கு இதுதான் உயிர். கடல் காற்றில் கிடந்த இரும்பில் துருவுக்கு அடியில் உப்பு ஒளிந்திருக்கும். மேலே பளபளவென்று தேய்த்துப் பெயின்ற் அடித்தாலும் அந்த உப்பு காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்து, அடுத்த மாரி முடிவதற்குள் பெயின்றுக்குக் கீழே கொப்பளமாகக் கிளம்பும். அதனால் துருவை எடுப்பதற்கு முன் உப்பை எடுக்க வேண்டும்.

எண்ணெய்ப் பிசுக்குப் போகச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, இரும்பு உறுப்புகளை இளஞ்சூடான தண்ணீரில் ஊற விடுங்கள். ஒவ்வொரு நாளும் தண்ணீரை மாற்றுங்கள், மூன்று நாலு நாள் போதும். சலவைச் சோடா கொஞ்சம் போட்டால் ஊறும்போது புதுத்துரு பிடிக்காது. எந்தத் தண்ணீர் என்பது முக்கியம். நம் கிணறுகள் சுண்ணாம்புக் கல்லுக்குள் இருந்து ஊறுபவை, கடற்கரைப் பக்கம் உவர் வேறு. அந்தத் தண்ணீரால் கழுவினால் காய்ந்த பிறகு வெள்ளைப் படலம் நிற்கும், உவர்க்கிணறு என்றால் எடுத்த உப்பைத் திருப்பிக் கொடுத்த கணக்குத்தான். மாரியில் பிடித்து வைத்த மழைத்தண்ணீர் இருந்தால் அதைப் போல் வேறு இல்லை. இல்லாவிட்டால் கடைசி அலசலுக்கு மட்டுமாவது பற்றரிக்கு ஊற்றும் வடித்த தண்ணீரைப் பாவியுங்கள்.

துருவை எடுப்பது

லேசான துருவுக்கு வயர் பிரஷ்ஷும் எண்ணெயும் போதும். பித்தளை மயிர் உள்ள பிரஷ் வாங்குங்கள், இரும்பைக் கீறாது. நிக்கல் அல்லது குரோம் முலாம் பூசிய இரும்பில் புள்ளி புள்ளியாகத் துரு இருந்தால் சாண்ட் பேப்பர் வேண்டவே வேண்டாம். அலுமினியத் தாளைக் கசக்கி உருண்டையாக்கி, தண்ணீரில் நனைத்துத் தேயுங்கள். அலுமினியம் முலாமை விட மென்மை, துருவை மட்டும் எடுத்துக்கொண்டு முலாமை விட்டுவிடும்.

அதற்கு மேற்பட்ட துருவுக்கு ஊறல். வினாகிரி எல்லா வீட்டிலும் இருக்கும், நல்லது, ஆனால் மெதுவானது, 12 மணித்தியாலத்தில் இருந்து ஒரு நாள் வரை பிடிக்கும். என்னுடைய தெரிவு சிற்றிக் அமிலத் தூள்தான். ஒரு லீற்றர் தண்ணீருக்கு 50 கிராம். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை எடுத்துப் பிரஷ் போட்டுப் பார்த்துத் திரும்பப் போடுங்கள். இரவோடிரவாக மறந்து விடாதீர்கள், துரு முடிந்த பிறகு அமிலம் நல்ல இரும்பையே தின்னத் தொடங்கும்.

கக்கூஸ் கழுவுகிற அசிட்டில் போட்டால் ஐந்து நிமிடத்தில் போய்விடும் என்று யாராவது சொல்வார்கள். போகும், உண்மைதான். ஆனால் அதில் இருப்பது பெரும்பாலும் ஐதரோகுளோரிக் அமிலம், அதாவது நாம் மூன்று நாள் ஊற வைத்து வெளியேற்றிய உப்பில் இருந்த அதே குளோரைட்டை நாமே உள்ளே ஏற்றுகிறோம். ஒரு கிழமையில் துரு முன்பை விட மோசமாகத் திரும்பி வரும். வேண்டாம்.

அமிலத்தில் இருந்து எடுத்ததும் அப்பச்சோடா கரைத்த தண்ணீரில் முக்கி, நல்ல தண்ணீரில் அலசி, உடனே காய வைக்க வேண்டும். உடனே என்றால் உடனே. துப்புரவான ஈர இரும்பு கண்ணுக்கு முன்னாலேயே செம்மஞ்சள் நிறமாக மாறும். சூடான தோசைக்கல்லின் மேல் கொஞ்சம் காட்டியோ, தலைமயிர் காய வைக்கும் மெசினாலோ காய வைத்து, கை பொறுக்கும் சூட்டிலேயே எண்ணெய் பூசிவிடுங்கள்.

கரையோர விளக்குகளுக்கு, குழி விழுந்த கடும் துருவுக்கு, மின்பகுப்புத்தான் சிறந்தது. துருவோடு சேர்த்து உள்ளே இருக்கும் உப்பையும் வெளியே இழுக்கும், நல்ல இரும்பைத் தின்னவும் மாட்டாது. ஒரு பிளாஸ்ரிக் வாளி, 4 லீற்றர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி சலவைச் சோடா, ஒரு 12 வோல்ற் பற்றரி சார்ஜர். வாளியின் ஓரமாக இரண்டு மூன்று கட்டடக் கம்பித் துண்டுகளை நிறுத்தி அவற்றைச் சார்ஜரின் நேர்முனையில் கொடுங்கள். விளக்கின் உறுப்பை நடுவில் தொங்கவிட்டு மறைமுனையில் கொடுங்கள். இரண்டும் ஒன்றையொன்று தொடக்கூடாது. மாறிக் கொடுத்தீர்கள் என்றால் கட்டடக் கம்பி துப்புரவாகி விளக்கு கரையும், ஆகவே சுவிச்சைப் போடுவதற்கு முன் இன்னொருமுறை பாருங்கள். சின்னச் சின்னக் குமிழி கிளம்பினால் சரி. ஒன்றிலிருந்து இரண்டு அம்பியர் போதும், சில மணித்தியாலத்தில் துரு கருப்புச் சேறாக மாறியிருக்கும், பிரஷ்ஷால் உரச வந்துவிடும். பற்றரி இல்லாமல் வேலை செய்யாத புது வகைச் சார்ஜர்கள் உண்டு, அப்படியென்றால் பழைய மோட்டார் சைக்கிள் பற்றரியில் இருந்தே எடுக்கலாம்.

இதில் சில கண்டிப்புகள். வெளியில், காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள், வருகிற குமிழி ஐதரசன், தீப்பிடிக்கும். சோடாவுக்குப் பதில் கறியுப்புப் போடாதீர்கள், குளோரின் வாயு வரும். நேர்முனைக்குச் சில்வர் கரண்டி, எவர்சில்வர் துண்டு எதையும் பாவிக்காதீர்கள், அதில் இருக்கும் குரோமியம் நச்சாகத் தண்ணீருக்குள் இறங்கும், அந்தத் தண்ணீரை எங்கே ஊற்றினாலும் கிணற்றுக்குத்தான் போகும். வாளிக்குள் கை வைப்பதற்கு முன் மின்சாரத்தை நிறுத்துங்கள். பித்தளை, முலாம் பூசிய உறுப்புகள் உள்ளே போகக்கூடாது. கம்பிச்சுருள்களை மின்பகுப்பிலும் அமிலத்திலும் போடாதீர்கள், ஐதரசன் உருக்குக்குள் புகுந்து அது நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும், பிறகு ஒரு நாள் பம் அடிக்கும்போது முறியும்.

கடுக்காய்

குழிகளுக்குள் எவ்வளவு செய்தாலும் கொஞ்சம் துரு மிஞ்சும். அதற்குக் கடையில் துரு மாற்றி என்று விற்கும் திரவங்கள் உண்டு, அவற்றில் பலவற்றின் சரக்கே தனின் என்ற துவர்ப்புப் பொருள்தான். அதே தனின் நாட்டு மருந்துக் கடையில் கடுக்காயாகக் கிடைக்கிறது. ஐந்தாறு கடுக்காயை உடைத்துக் கொட்டையை எறிந்துவிட்டு, தோட்டைக் கொஞ்சத் தண்ணீரில் கொதிக்க வைத்து வற்ற விடுங்கள், வடித்து, எண்ணெய் போகத் துடைத்த இரும்பில் தூரிகையால் பூசுங்கள். பூசிய கொஞ்ச நேரத்திலேயே செம்மஞ்சள் துரு நீலங்கலந்த கருப்பாக மாறும். கடுக்காயையும் இரும்பையும் சேர்த்து மை காய்ச்சிய காலத்தில் நடந்ததும் இதே மாற்றம்தான். ஒரு நாள் காய விட்டு இன்னொரு பூச்சு, பிறகு மேலே மெழுகோ எண்ணெயோ பெயின்றோ. கடும் சாயத்தில் தேயிலைத் தண்ணீரும் இதைச் செய்யும், ஆனால் கடுக்காய் அளவுக்குப் பிடிப்பு இல்லை. தூக்குக் கம்பி, அடித்தட்டு, கூட்டின் கீழ்ப்பாதி போன்ற சூடு குறைந்த இடங்களுக்கு மட்டும் இது. தொப்பியில் பூசி வேலை இல்லை, அந்தச் சூட்டில் கருகிப் போய்விடும்.

தொப்பியும் உள்கூடும்

எனாமல் தொப்பியில் எனாமல் தெறித்த இடத்தில் துரு வட்டமாகப் பரவியிருக்கும். தெறித்த ஓரங்களை மெல்லிய சாண்ட் பேப்பரால் நனைத்து மழுங்கடியுங்கள், அந்த இடத்துக்கு மட்டும் சிற்றிக் அமிலத்தில் நனைத்த பஞ்சை வைத்து எடுங்கள். முழுத் தொப்பியையும் அமிலத்துக்குள் போட்டால் எனாமலின் மினுக்கம் மங்கிவிடும். மூட, மோட்டார் சைக்கிள் சைலன்சருக்கு அடிக்கும் வெப்பம் தாங்கும் பெயின்ற் எடுங்கள், ரின்னில் 600 பாகை என்று போட்டிருப்பதைப் பார்த்து வாங்குங்கள். மெல்லிசாக இரண்டு மூன்று தரம். சாதாரண எனாமல் பெயின்ற் முதல் தரம் கொளுத்தும்போதே புகைந்து உரியும். பெயின்ற் வேலையைச் சோளகக் காற்றுக் காலத்தில், மழை இல்லாத காய்ந்த நாட்களில் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் காற்றும் புழுதியும் படாத உள்ளறையில், யன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு.

உள்கூட்டை யாரும் கவனிப்பதில்லை, வெளியில் தெரியாதுதானே. ஆனால் விளக்கு சரியாக எரிவதும் எரியாததும் அதில்தான் இருக்கிறது. எரிந்த புகைவாயு மேலே போகும் வழியையும், மாண்டிலுக்குப் போகும் புதுக்காற்று உள்ளே வரும் வழியையும் பிரித்து வைப்பது அந்தத் தகடு. அதில் துரு தின்று ஓட்டை விழுந்தால் எரிந்த வாயு புதுக்காற்றோடு கலக்கும். விளக்கு மங்கி மங்கி எரியும், விட்டு விட்டுத் துடிக்கும், மாண்டில் கரி பிடிக்கும். எண்ணெய் ஆவி பாயும் சின்னத் துவாரமுள்ள நிப்பிளை மாற்றி, அந்தத் துவாரத்தைக் குத்தித் துப்புரவாக்கும் ஊசியை மாற்றி, மண்ணெண்ணெய் சரியில்லை என்று திட்டி, எல்லாம் முடிந்த பிறகும் அப்படியே எரிந்தால் உள்கூட்டைக் கழற்றி வெயிலுக்குப் பிடித்துப் பாருங்கள். ஊசிமுனை வெளிச்சம் தெரிந்தால் அதுதான்.

ஓட்டையை அடைக்க நாகமுலாம் (துத்தநாகப் பூச்சு) பூசிய தகரம் பாவிக்காதீர்கள், சூட்டில் அந்தப் புகை நெஞ்சுக்குக் கேடு. பால்மா ரின் தகடும் சரிவராது, அதன் வெள்ளீயப் பூச்சு 232 பாகையில் உருகிப்போய், மிஞ்சும் இரும்பு திரும்பத் துருப்பிடிக்கும். மெல்லிய எவர்சில்வர் தகட்டில் ஒட்டுப் போட்டு எவர்சில்வர் தறையாணி அடிப்பது நிலையானது, நல்ல லேத் பட்டறைக்காரர் செய்து தருவார். புதுசாகக் கிடைத்தால் புதுசையே போடுங்கள். பெற்றோமாக்ஸின் உதிரிப்பாகங்கள் பல சீனப் பிரதிகளுக்கும், பிரதிகளின் பாகங்கள் பெற்றோமாக்ஸுக்கும் பொருந்தும், ஆனால் புரி பிடிக்கிறதா என்று கையால் சுற்றிப் பார்த்த பிறகே காசைக் கொடுங்கள்.

தூக்குக் கம்பி

எண்ணெய் நிரம்பிய விளக்கு ஏறக்குறைய 3 கிலோ, எரிந்துகொண்டு தலைக்கு மேல் தொங்கப் போகிறது. கம்பி கூட்டுக்குள் நுழையும் இரண்டு முனைகளையும் பாருங்கள், துரு அங்கேதான் கம்பியை மெலிய வைக்கும். மெலிந்திருந்தால் பெயின்ற் அடித்து மறைக்காதீர்கள், அதே தடிப்பில் எவர்சில்வர் கம்பி வாங்கி வளைத்துப் போடுங்கள். பழைய கம்பியில் ஆசை இருந்தால் எண்ணெய் பூசி எடுத்து வையுங்கள்.

தாங்கி

இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். விளக்கு எரியும்போது தாங்கிக்குள் 2 பார் அளவு அழுத்தம் இருக்கும், கூடவே மண்ணெண்ணெய், ஒரு சாண் மேலே நெருப்பு.

பித்தளைத் தாங்கி என்றால் துரு இல்லை, ஆனால் வெடிப்பு இருக்கலாம். பிரிட்டிஷ் காலத்து இந்தியாவில் மழைக்காலத்தில் தோட்டாக்களின் பித்தளைக் கோதுகள் தானாகவே வெடித்தன, குதிரை மூத்திரத்தில் இருந்து வந்த அமோனியாதான் காரணம் என்று பிறகு கண்டுபிடித்தார்கள். இறுக்கமாக அழுத்தி வடிவமைத்த பித்தளை, அமோனியா, ஈரம் மூன்றும் சேர்ந்தால் மயிரிழை வெடிப்பு விழும். மாட்டுக்கொட்டில் பரணில் வருஷக்கணக்காகக் கிடந்த விளக்குகளை ஆகவே கூர்ந்து பாருங்கள், கழுத்தைச் சுற்றியும் அடி விளிம்பைச் சுற்றியும் பூதக்கண்ணாடி வைத்து. அமோனியா கலந்த பித்தளைப் பொலிஷையும் தாங்கிக்குப் போடாதீர்கள். குத்துவிளக்குக்குப் போடும் பழப்புளியே போதும், பூசி இரண்டு மூன்று நிமிடத்தில் கழுவுங்கள், நீண்ட நேரம் விட்டால் நாகம் கரைந்து பித்தளை இளஞ்சிவப்பாகிவிடும். நிக்கல் முலாம் இருந்தால் புளியும் வேண்டாம், சவர்க்காரமும் மென்துணியும்தான்.

இரும்புத் தாங்கி என்றால் உள்ளே ரோர்ச் அடித்துப் பாருங்கள். அடியில் தண்ணீர் தேங்கிய இடத்தில் துரு இருக்கும். மெல்லிய படலம் என்றால் ஒரு கை சின்ன நட்டுகளைப் போட்டு, சிற்றிக் அமிலக் கரைசலை அரைவாசிக்கு ஊற்றி, மூடிக் குலுக்குங்கள், ஊற விட்டு ஊற்றுங்கள், சோடாத் தண்ணீரால் அலசுங்கள், பிறகு மெதிலேற்றட் ஸ்பிரிட் கொஞ்சம் ஊற்றிக் குலுக்கி எடுத்தால் மிஞ்சிய தண்ணீரையும் கொண்டு போகும். காய்ந்ததும் மண்ணெண்ணெயால் நனைத்து வையுங்கள். போட்ட நட்டுகளை எண்ணி எடுங்கள். குழி குழியாக விழுந்திருந்தால் அந்தத் தாங்கி முடிந்தது. மோட்டார் சைக்கிள் தாங்கிக்குள் ஊற்றும் பூச்சு, எபொக்சிப் பசை என்று எதை வைத்தாலும் ஓட்டை மறையுமே தவிரத் தகட்டின் தடிப்புத் திரும்பி வராது. அந்த விளக்கை அழகாக்கி முன்விறாந்தையில் வையுங்கள், கொளுத்தாதீர்கள். வெடித்த பித்தளைத் தாங்கிக்கும் என் பதில் இதுதான்.

நல்லதென்று தோன்றும் தாங்கியையும் சோதிக்காமல் விடக்கூடாது. கழுத்து வரை தண்ணீர் நிரப்பி மூடி, அதன் பம்மாலேயே அழுத்த மீற்றரின் சிவப்புக் கோடு வரை அடியுங்கள். தண்ணீர் நிரப்புவது ஏன் என்றால், அழுத்திய காற்று வெடித்தால் தகட்டைத் தூக்கி எறியும், தண்ணீர் சும்மா ஒழுகும், அவ்வளவுதான். வெளிப்புறத்தைத் துடைத்து, பழைய பேப்பரின் மேல் வைத்து அரை மணித்தியாலம் விடுங்கள். ஒரு துளி ஈரம் தெரிந்தாலும் எங்கே என்று கண்டுபிடியுங்கள். வாசரில் என்றால் வாசரை மாற்றலாம், தகட்டில் என்றால் மேலே சொன்னதுதான்.

பம், ஊசி, சின்ன உறுப்புகள்

பம் தண்டில் துரு இருந்தால் மெல்லிய ஸ்டீல் வூலும் எண்ணெயும். தோல் வாசர் காய்ந்து சுருங்கியிருக்கும், தையல் மெசின் எண்ணெயில் ஒரு இரவு ஊறினால் பெரும்பாலும் உயிர் வரும். பம்மின் அடியில் இருக்கும் வால்வைத் திறக்க அதற்கென்று ஒரு சாவி உண்டு, குறடால் பிடித்துத் திருகினால் பித்தளைத் தலை போய்விடும். அதற்குள் இருக்கும் றப்பரைக் கட்டாயம் மாற்றுங்கள், சுருளில் துரு தெரிந்தால் அதையும். ஊசியும் நிப்பிளும் துப்புரவாக்குவதற்குச் செலவழிக்கும் நேரத்துக்குப் புதுசு வாங்குவது லாபம்.

பூட்டுவது, கொளுத்துவது

இரும்புத் திருகாணி பித்தளைக்குள் போகும் இடமெல்லாம் கொஞ்சம் கிறீஸ் தடவிப் பூட்டுங்கள், அடுத்த தரம் கழற்றுபவர் உங்களை வாழ்த்துவார். சூடு ஏறும் மேற்பக்கத் திருகாணிகளுக்குக் கிறீஸ் எரிந்துவிடும், அங்கே 6பி பென்சில் கரியைப் புரியில் நன்றாகத் தேய்த்துவிடுங்கள். முடிந்த இடத்தில் எல்லாம் இரும்புத் திருகாணியை எவர்சில்வருக்கு மாற்றுங்கள். பழமை கெடும் என்று சிலர் மறுப்பார்கள், உப்புக்காற்றில் இருக்கிற நமக்கு அது கட்டுப்படியாகாத வாதம்.

முதல் தரம் முற்றத்தில் வைத்துக் கொளுத்துங்கள், கிடுகு வேலியிலிருந்தும் ஓலைக் கொட்டிலிலிருந்தும் நன்றாகத் தள்ளி. பக்கத்தில் நனைத்த சாக்கு ஒன்று இருக்கட்டும். மண்ணெண்ணெய் மட்டும், பெற்றோல் ஒரு சொட்டும் கலக்கக்கூடாது. தாங்கியை முக்கால்வாசி நிரப்பினால் போதும், மேலே காற்றுக்கு இடம் வேண்டும். மாண்டிலுக்குக் கீழே இருக்கும் சின்னக் கிண்ணத்தில் ஸ்பிரிட் ஊற்றிப் பற்றவைத்து, அது எரிந்து முடியும் தறுவாய் வரை பொறுத்து, பிறகு பம் அடியுங்கள். அவசரப்பட்டால் ஆவியாகாத எண்ணெய் பாய்ந்து பெரிய மஞ்சள் சுவாலை எழும், அப்படி எழுந்தால் பதறாமல் அழுத்தத்தைத் திறந்து விடுங்கள். தொப்பியில் அடித்த புதுப் பெயின்ற் முதல் அரை மணித்தியாலம் மணக்கும், புகையும், அப்படித்தான் அது இறுகும். முதல் சில தரம் குறைந்த நேரம் எரித்து ஆற விடுங்கள். பூட்டிய அறைக்குள் ஒருக்காலும் வேண்டாம், காபனோரொக்சைட் என்ற நச்சுவாயுவுக்கு மணம் இல்லை.

எடுத்து வைக்கும்போது தாங்கியை வெறுமையாக்கி, அழுத்தத்தைத் திறந்து, இரும்பு உறுப்புகளில் எண்ணெய்த் துணி ஓட்டி, பருத்திச் சாக்கில் போட்டு வையுங்கள். பொலித்தீன் பையில் கட்டினால் உள்ளே வியர்த்து எல்லா வேலையும் வீணாகும். கடலுக்குக் கொண்டு போகும் விளக்கை வந்த இரவே நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, காய்ந்த துணியால் இன்னொருமுறை துடையுங்கள். மாரி முடிந்து தை பிறந்ததும் ஒருக்கால் வெளியே எடுத்து, தூக்குக் கம்பியின் முனைகளையும் உள்கூட்டையும் தாங்கியின் கழுத்தையும் பார்த்து, பம்முக்கு இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு வையுங்கள்.